கறிவேப்பிலையில் புழுவா? இருக்கட்டும்!

(ஒடுகத்தூர் பகுதிக் கூட்டத்தில் எங்கள் குழு சார்பில் பேசியது)



போன மழைக்கு எங்க குழுவுல எல்லார் வாசல்லயும் இட்லிப்பூச் செடி வெச்சோம. பட்டாம்பூச்சி வந்துச்சு, தேன் குடிச்சுது, போயிடுச்சு. ஏன் தங்கலைன்னு அப்புறம்தான் புரிஞ்சுது. பூ அதுக்குச் சாப்பாடு. பிள்ளை வளர இலை வேணும். அதுவும் ஒவ்வொரு இனத்துக்கும் சில செடிகள்தான் ஒத்துக்கொள்ளும்.

எலுமிச்சைப் பட்டாம்பூச்சி முட்டையிடுவது எலுமிச்சை, கறிவேப்பிலைக் கொழுந்தில். சின்னப் புழு பறவை எச்சம் மாதிரி இருக்கும். வளர்ந்தால் பச்சை. தொட்டால் தலைக்குப் பின்னால் சிவப்பாக இரண்டு கொம்பை நீட்டும், நாற்றமடிக்கும். கடிக்காது. நாங்கள் பயந்துபோய், கத்தரிக்கு வாங்கின மருந்தையே கறிவேப்பிலைக்கும் அடித்தோம். மறுநாள் அதே இலையைக் கிள்ளி ரசத்துக்குத் தாளிச்சதும் நாங்கதான். பிள்ளைகளும் அதைத்தான் சாப்பிட்டார்கள்.

இப்போது மருந்து இல்லை. ஒரு செடி குழம்புக்கு, ஒரு செடி புழுவுக்கு. குழம்புச் செடியில் புழுவைப் பார்த்தால் எடுத்து மற்றதில் விடுகிறோம். முட்டை பட்டாம்பூச்சியாக ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். ஷூ கம்பெனி வேனுக்கு ஓடுற அவசரத்துல இதெல்லாம் முடியுமான்னு கேட்டாங்க. பாத்திரம் அலசுற தண்ணியே போதும்.

வேலியோர எருக்கையும் வெட்டாதீங்க. ஆரஞ்சு நிற வெந்தய வரியனின் புழு எருக்கிலை தின்று வளருவது. அந்தப் பால் விஷம் உடம்பில் தங்குவதால் பறவைகள் பெரும்பாலும் அதைத் தொடாது. கொன்றை மரத்துக்கு வெளிர்மஞ்சள் பூச்சி வரும்.

எங்க கறிவேப்பிலை அடியில கன்று நிறைய முளைச்சிருக்கு. வேணுங்கிறவங்க வேரோட எடுத்துட்டுப் போங்க.