நம்ம ஊர் மருத்துவ வசதி: கணக்கை நாமே எடுப்போம்

(மேட்டூரில் நடந்த கூட்டமைப்பு உறுப்பினர் கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



குழுவில் சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் பற்றித் தவறாமல் பேசுகிறோம். ஆனால் தவணை ஏன் நின்னுபோச்சுன்னு விசாரிச்சா, பல வீடுகளில் வரும் பதில் “ஆஸ்பத்திரி செலவு” என்பதுதான். அதனால் மருத்துவ வசதி எவ்வளவு தூரத்தில் இருக்கு என்பதும் குழுவில் பேச வேண்டிய விஷயமே.

மேட்டூரில் அரசு தலைமை மருத்துவமனை இருக்கிறது. அதற்கு மேல் போனால் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, சுமார் 50 கிலோமீட்டர். டவுனில் இருப்பவர்களுக்கு இது பெரிய தூரமில்லை. கொளத்தூர் ஒன்றியத்தில் பாலமலை மேலே இருக்கிற குடும்பங்களுக்கு? ரோடு இல்லாத காலத்தில் நோயாளியைத் தூளி கட்டித்தான் கீழே இறக்கினார்கள். அணை ஓரத்து ஊர்களில் ராத்திரி ஒரு மணிக்குப் பாம்பு கடிச்சா, வண்டிக்கு எங்கே ஓடுவது?

துணை சுகாதார நிலையம் எப்படி அமைகிறது தெரியுமா? சமவெளியில் 5,000 பேருக்கு ஒன்று, மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒன்று என்பது அரசின் அளவுகோல். ஆரம்ப சுகாதார நிலையம் 30,000 பேருக்கு, மலையில் 20,000 பேருக்கு ஒன்று. இது தலையை எண்ணும் கணக்கு. சிதறிக் கிடக்கிற குக்கிராமங்களுக்கு இந்தக் கணக்கு மட்டும் போதாது. அதனால்தான் தேர்ந்தெடுத்த சில மலை, பாலைவன மாவட்டங்களுக்கு, வீட்டிலிருந்து 30 நிமிட நடைக்குள் துணை நிலையம் என்ற நேரக் கணக்கையும் மத்திய அரசு ஏற்றது. நாம் கேட்க வேண்டியதும் அந்த நேரக் கணக்கைத்தான்.

தாய் இறப்புக்கு மூன்று தாமதங்கள் காரணம் என்று 1994-ல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். இது எல்லா அவசரத்துக்கும் பொருந்தும்.

முதல் தாமதம், வீட்டில் முடிவெடுப்பது. “அவர் வரட்டும், கேட்டுட்டுப் போலாம்”னு காத்திருப்பது. பாம்புக்கடிக்கு மந்திரிச்சுப் பார்ப்பதும் இதில் சேரும். கடிபட்ட இடத்தைக் கீறாமல், இறுக்கிக் கட்டாமல், ஆளை நடக்கவிடாமல் உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

இரண்டாவது, போய்ச் சேருவது. 108 ஆம்புலன்ஸ் நம் மாநிலத்தில் 2008-ல் வந்தது, கட்டணம் கிடையாது. ஆனா டவர் கிடைக்காத இடத்தில் எங்கிருந்து போன் போடுவது, வண்டி எந்த இடம் வரைக்கும் வரும் என்பதெல்லாம் முன்கூட்டியே தெரிஞ்சிருக்கணும்.

மூன்றாவது, போன இடத்தில் மருத்துவம் கிடைப்பது. டாக்டர், நர்ஸ், மருந்து எந்த நேரத்தில் இருக்கும் என்பதுதான் கேள்வி.

முதல் தாமதத்தை நாமே குறைக்கலாம். மற்ற இரண்டுக்கும் திட்டம் வேண்டும். ஆபீஸில் உட்கார்ந்து போடுகிற திட்டத்தில் நம்ம ஊர் மண்பாதை தெரியாது. நாம் எடுத்துக் கொடுத்தால்தான் தெரியும். ஒவ்வொரு குழுவும் அடுத்த கூட்டத்துக்குள் இதைச் செய்வோம்:

1. குக்கிராமம் வாரியாக ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எத்தனை நிமிடம், பகலில் என்ன செலவு, ராத்திரி என்ன செலவு என்று எழுதுங்கள்.

2. கர்ப்பிணிகள், அவர்களின் பிரசவத் தேதி, சர்க்கரை மற்றும் ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்கள், நடக்க முடியாத முதியவர்கள் பட்டியலை கிராம சுகாதார செவிலியரிடம் சரிபாருங்கள்.

3. கடந்த ஒரு வருடத்தில் ஆஸ்பத்திரி போய்ச் சேரத் தாமதமான சம்பவங்களைப் பெயர் போடாமல் குறியுங்கள்.

4. ராத்திரி அவசரத்துக்கு வரச் சம்மதிக்கும் வண்டிக்காரர் யார் என்று இப்போதே பேசி வையுங்கள்.

இந்தக் கணக்கு கையில் இருந்தால் “எங்க ஊருக்கு வசதி இல்லை” என்று பொதுவாகச் சொல்ல வேண்டியதில்லை. “இந்த மூன்று குக்கிராமத்துக்கு மாதம் இரண்டு நாள் நடமாடும் மருத்துவக் குழு வேண்டும்”, “மலைப்பெண்கள் பிரசவத்துக்கு ஒரு வாரம் முன்பே வந்து தங்க, காத்திருப்பு அறை வேண்டும்” என்று குறிப்பாகக் கேட்கலாம். ஊராட்சித் தலைவரோ தனி அலுவலரோ, யார் பொறுப்பில் இருந்தாலும் எழுத்தில் கொடுங்கள். கிராம சபையில் தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள். நகல் வட்டார மருத்துவ அலுவலருக்குப் போகட்டும்.

“நாம சொன்னா கேட்பாங்களா?”ன்னு சில அக்காமார் கேட்கிறாங்க. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 5.8.2021 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தைப் பாருங்கள். வீட்டுக்கே வந்து பிரஷர், சுகர் பார்த்து மாத்திரை கொடுக்கிற பெண் தன்னார்வலர்கள் சுய உதவிக் குழுக்களிலிருந்து வந்தவங்கதான். வேலை செய்ய நம்மை நம்புகிறவர்கள், திட்டம் போடும்போதும் நம்மைக் கேட்கட்டும்.

கடன் நோட்டில் ஒரு ரூபாய் குறைந்தாலும் கண்டுபிடிக்கிற கைகள் நம்முடையவை. அதே நோட்டில் ஒரு பக்கம் ஊர் நலத்துக்கு ஒதுக்குவோம். அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது ஊக்குநர்கள் அந்தப் பக்கத்தையும் கொண்டு வாங்க. எல்லாக் குழுக் கணக்கையும் சேர்த்து, கூட்டமைப்பின் பெயரில் ஒரே மனுவாகக் கொடுப்போம்.