இல்லப் படங்களும் விளையாட்டுப் பெட்டியும்



குடும்பத்தார் தம் கையாலேயே எடுத்துத் தம் வீட்டாருக்கு மட்டுமே காட்டி மகிழும் படங்களை இல்லப் படம் என்பர். அதில் கதை இராது; காட்சிகளுக்குள் தொடர்பும் இராது. குழந்தை ஒன்று நடை பயிலும். மூதாட்டி ஒருத்தி கேமராவைக் கண்டு நாணி முகத்தை மறைத்துக்கொள்வாள். அவ்வளவே. ஆயினும் அம்மூதாட்டி மறைந்த பின், அந்த வீட்டாருக்கு அதனினும் பெரிய காவியம் பிறிதில்லை.

கோடாக் நிறுவனம் 1932-ஆம் ஆண்டில் 8 மில்லிமீட்டர்ப் படச்சுருளை வெளியிட்டது. 1965-இல் சூப்பர் 8 வந்தது. அதன் ஒரு சுருள் 50 அடி. நொடிக்கு 18 படங்கள் வீதம் ஓட்டினால் 3 நிமிடம் 20 நொடிகளில் தீர்ந்துவிடும். எதை எடுப்பது, எதை விடுப்பது என்று எண்ணியே பொத்தானை அழுத்த வேண்டியிருந்தது. நான்கடிக்குள் நிறுத்தியாக வேண்டிய வெண்பாக்காரரின் இடர்ப்பாடு இது. 1976-இல் ஜப்பானில் வி.எச்.எஸ். ஒளிநாடா தோன்றிய பின் அந்தக் கட்டு அவிழ்ந்தது. மணவிழாக்கள் மணிக்கணக்கில் ஓடின. இறுதிவரை பார்ப்போர் அருகினர்.

இல்லப் படம் வீட்டின் எல்லையைக் கடந்து நாட்டின் சான்றாவதும் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க அரசு ஜப்பானிய வழியினரான தன் குடிமக்களையும் பிறரையுமாக ஏறத்தாழ 1,20,000 பேரை முகாம்களில் அடைத்தது. யூட்டா மாநிலத்துப் பாலைநிலத்தில் அமைந்த டோபாஸ் முகாமில் அடைபட்டோருள் டேவ் டட்சுனோ என்னும் வணிகரும் ஒருவர். முகாமில் கேமரா வைத்திருத்தல் அவர்களுக்கு விலக்கப்பட்டிருந்தது. அவர் அதனை மறைத்து வைத்து, பனி பொழிந்த நாட்களையும் விளையாடும் பிள்ளைகளையும் அன்றாட வாழ்வையும் 8 மில்லிமீட்டர் வண்ணச் சுருளில் பதித்தார். அப்படம் 1996-இல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இடம்பெற்றது. அடைத்தவர்கள் எடுத்த அரசுப் படங்கள் பல இருந்தும், அடைபட்டவன் தன் வீட்டாரை எடுத்த ஊமைப்படம் அவை சொல்லாததைச் சொல்லிற்று.

இவ்வளவு அருமையான பொருள் இன்று எங்கே வாழ்கிறது என்பதே கருதத்தக்கது. சுருளும் நாடாவும் எண்ணுருவாக்கப்பட்டு, வீட்டின் மூலையில் விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும் சிறு பெட்டியொன்றில் அடங்குகின்றன. வட்டுகளைக் கொண்ட இதனை வலையமைப்புச் சேமிப்பகம் என்பர். 1995-இல் வந்த மினி டி.வி. நாடாவில் பதிந்த ஒரு மணி நேரப் படம் ஏறத்தாழ 13 கிகாபைட் இடத்தை அடைக்கும். பெட்டிக்குள் இரண்டு வட்டுகளை இட்டு, ஒன்றில் எழுதியதை மற்றொன்றிலும் எழுதச் செய்து, இனி அச்சமில்லை என்றிருப்போர் பலர். வட்டு பழுதுற்றால் அது காக்கும். கைதவறி அழித்தாலோ இரண்டிலும் ஒருசேர அழியும். வேறோர் இடத்தில் மற்றொரு படி இருந்தே ஆகவேண்டும்.

படத்தைக் கூடத்துத் தொலைக்காட்சிக்குக் கொணரும் பணியைப் பல இல்லங்களில் பிள்ளைகளின் விளையாட்டுப் பெட்டியே ஏற்றது. இதற்கெனப் பல நிறுவனங்கள் கூடி 2003-இல் தொடங்கிய கூட்டமைப்பு டி.எல்.என்.ஏ. எனப் பெயர் பெற்றது. அதன் நெறி எளியது. விளையாட்டுப் பெட்டி, “படம் தருவார் எவரேனும் உளரோ?” என்று வலையெங்கும் குரல் கொடுக்கும். சேமிப்பகம், “உளேன்” என விடையிறுக்கும். பட்டியல் வரும், வேண்டியதைத் தெரிந்தால் துண்டு துண்டாகப் படம் வந்து சேரும். கம்பிவழி இணைத்தால் ஒழுங்காக ஓடும். கம்பியில்லா இணைப்பில், இடையே சுவர்கள் மிகுந்தால் பாட்டியின் சிரிப்பு பாதியில் உறைந்து நிற்கும்.

உண்மையான இடர் வேறிடத்தில் உள்ளது. 2006-இல் வந்த பிளேஸ்டேஷன் 3, எச்.264 முறையில் அமைந்த படத்தை நன்கறியும். அதே படத்தை எம்.கே.வி. என்னும் உறையில் இட்டுக் கொடுத்தால் ஏலாது என்றுவிடும். கடிதத்தின் மொழி தெரிந்திருந்தும் உறையின் வடிவம் பிடிக்காமையால் திருப்பியனுப்பும் அஞ்சல்காரரைப் போன்றது இது. அதற்காக உடனுக்குடன் வேறு வடிவுக்குப் பெயர்த்துக் கொடுக்கும் மென்பொருள்கள் எழுந்தன. படத்தையே புதிதாகப் பெயர்க்கும்போதெல்லாம் நுண்மை சிறிது தேயும் என்பது, கவிதை மொழிபெயர்த்தோர்க்குச் சொல்லித் தெரிய வேண்டுவதன்று. பெயர்ப்பை மட்டும் வைத்துக்கொண்டு மூலத்தைக் களைந்தவர்கள் பின்னர் வருந்துகின்றனர்.

பெட்டிகளும் மனம் மாறுகின்றன. 2013-இல் வந்த பிளேஸ்டேஷன் 4 இவ்வசதியின்றியே வந்து, 2015-இல்தான் அதனைப் பெற்றது. 2020-இல் வந்த பிளேஸ்டேஷன் 5-இல் அந்நெறி உள்ளமைக்கப்படவில்லை; பிளெக்ஸ் போன்ற செயலிகளின் துணை வேண்டும். டி.எல்.என்.ஏ. கூட்டமைப்போ 2017-இல் கலைக்கப்பட்டது. 14 ஆண்டுகள்! ஓலைச்சுவடி ஒன்று படியெடுக்கப்படாமல் அதனினும் நெடுங்காலம் தாங்கும்.

இவை யாவும் சீராக அமைந்தாலும் ஒன்று எஞ்சுகிறது. திரையில் தோன்றும் பட்டியலில் எண்களும் எழுத்துகளும் விரவிய கோப்புப் பெயர்களே நிற்கும். யார், எந்த ஊர், எந்த விழா என்பது இராது. புறநானூற்றுப் பாடல்களின் அடியில் திணையும் துறையும், பாடினோர், பாடப்பட்டோர் பெயர்களும் குறிக்கப்பட்டிராவிடில், அப்பாடல்களுட் பலவற்றை இன்னார் இன்னாரைப் பாடியது என அறிதல் இயலாது. குறிப்பு சிதைந்த பாடல்களை முன்வைத்து அறிஞர் படும்பாடு இந்த அவை அறிந்ததே. இல்லப் படத்துக்கும் அத்தகைய அடிக்குறிப்பு வேண்டும். பெயர் சொல்லத் தெரிந்த முதியோர் இருக்கும்போதே அவர்களைத் திரைமுன் அமர்த்திக் கேட்டு எழுதவேண்டும். எழுதியதைக் கோப்பின் பெயரிலும், அருகில் தனி உரைக்கோப்பிலும், ஒரு தாளிலும் வைத்தல் நன்று. தாளைப் படிக்க மின்சாரம் வேண்டுவதில்லை.

கவியரங்குகளை ஒளிநாடாவில் பதித்துப் பேழைக்குள் பூட்டிவைத்த மன்றங்கள் பல. பாடிய குரல்களுட் சில இப்போது அந்நாடாக்களில் மட்டுமே உள்ளன. காந்தப் பூச்சு ஆண்டுதோறும் தேய்கிறது, பூஞ்சையும் பற்றுகிறது. அவற்றை எண்ணுருவாக்க முதலில் ஓட்டிப் பார்த்தாக வேண்டும். ஓட்டும் கருவியை இறுதிவரை செய்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016-ஆம் ஆண்டு ஜூலையில் அத்தொழிலை நிறுத்திவிட்டது. கடைகளில் இன்று பழுதுபார்த்து விற்கப்படுபவை அதற்கு முன் செய்யப்பட்டவை.