செருப்பின் வாழ்நாட் கணக்கு

மாரிகுப்பம் ரயில் நிலையத்தில் வண்டியேறிப் பெங்களூருக்குப் பணிக்குச் செல்வோரின் கால்களைப் பாருங்கள். தோல் செருப்பு, ரப்பர் செருப்பு, துணியும் பிளாஸ்டிக்கும் சேர்ந்த காலணி எனப் பலவகை. இவற்றுள் உலகுக்குப் பெருஞ்சுமை எது? விலைச்சீட்டு இதற்கு விடை தராது. ஒரு பொருள் பிறந்தது முதல் குப்பையாகும் நாள் வரை செலவாகும் நீர், எரிபொருள், வெளிப்படும் கழிவு ஆகியவற்றைக் கூட்டிப் பார்க்கும் முறை ஒன்று உண்டு. அதை வாழ்நாட் கணக்கு எனலாம்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர் 2013-ம் ஆண்டில் ஒரு ஜோடி ஓட்டக் காலணிக்கு இக்கணக்கை வெளியிட்டனர். உறுப்புகள் 65, செய்முறைகள் 360-க்கு மேல், கரியமில வாயு ஏறத்தாழ 14 கிலோ. அதில் மூன்றில் இரு பங்கு மூலப்பொருளால் அன்று, சிறு உறுப்புகளை வார்த்தும் தைத்தும் சேர்க்கும் தொழிற்சாலை வேலையால் வருவது.

தோலுக்கு வந்தால் கணக்கு சிக்கலாகிறது. மாடு வளர்ப்பதால் நேரும் சுமையில் எத்தனை பங்கைத் தோலின்மீது ஏற்றுவது? பாலுக்கும் இறைச்சிக்கும் வளர்த்த மாடு, தோல் உபபொருளே, ஒன்றும் ஏற்ற வேண்டாம் என்பர் சிலர். விலைக்கேற்ற பங்கை ஏற்றுக என்பர் வேறு சிலர். கட்சிக்கேற்ப விடையும் மாறும். எண்ணைக் கண்டதும் தலைவணங்கும் நாம், அதன் எல்லைக்கோடு எங்கே கிழிக்கப்பட்டது என்பதையும் கேட்க வேண்டும் அன்றோ?

தங்கவயலுக்குக் குடிநீர் தந்த பேத்தமங்கலம் ஏரி பாலாற்றின் ஏரி. அதே ஆறு கீழே இறங்கி வாணியம்பாடி, ஆம்பூர் வழியே செல்கிறது. அங்கே தோல் பதனிடுதல் பெருந்தொழில். முன்னாளில் ஆவாரம்பட்டை கொண்டு பதனிட்டனர். பின்னர் குரோமிய உப்பு வந்தது, வேலை விரைந்தது. ஒரு கிலோ தோலுக்குச் சுமார் 35 லிட்டர் நீர் செலவாகிறது என்றும், அவ்வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ ஓரளவோ பாழாயிற்று என்றும் 1996-ம் ஆண்டு ஆகஸ்டு 28-ம் நாள் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பில் காண்கிறோம். மாசு செய்தவரே நஷ்டஈடும், நிலத்தைச் சீர்செய்யும் செலவும் ஏற்க வேண்டும் என்றது நீதிமன்றம். கரியமில வாயுவை மட்டும் அளந்தால் அந்நிலத்தில் ஒரு சென்ட் கூடக் கணக்கில் வராது; உப்பேறிய கிணற்றுக்கும் அதில் இடமில்லை.

தங்கத்தின் கதையும் இதுவே. சுரங்கம் 2001-ம் ஆண்டு பிப்ரவரி 28-ம் நாள் மூடப்பட்டது. தங்கம் நிறுத்து விற்கப்பட்டது. சயனைடு மேடுகளோ எந்த விலையிலும் சேராமல் இன்றும் நிற்கின்றன. காற்று வீசும்போது அவற்றின் தூள் வீடுகளில் படிகிறது.

இன்னொரு கேள்வியும் உண்டு. சுமையை ஜோடிக்கு அளப்பதா, உழைத்த நாளுக்கு அளப்பதா? நாளுக்கு அளப்பதே முறை என்பேன். 14 கிலோ சுமையுள்ள காலணியை ஓராண்டில் எறிந்தால் மாதத்துக்கு ஒரு கிலோவுக்கு மேல். ஈராண்டு உழைத்தால் அதில் பாதி. ஆனால் அடிப்பாகத்தை ஒட்டி வார்த்த காலணிகள் பலவற்றைச் செருப்பு தைப்பவரிடம் கொடுத்துப் புதுப்பிப்பது அரிது. தைத்த தோல் செருப்புக்கு அடி மாற்றலாம். புதிய அடியின் ரப்பரும் பசையும் நூலும் கணக்கில் சிறிது சேரும். எனினும், மேல்தோல் அதுவாகவே இருக்க, பாலாற்றங்கரையில் இன்னொரு தோலை ஊறப்போட வேண்டியதில்லை.