குடும்பமும் பெண்ணின் பங்கும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. வீட்டு வேலை, மாட்டு வேலை, நம்ம குழு, இதுதான் எனக்குத் தெரிஞ்ச உலகம். குடும்பத்தைப் பற்றிப் பேசச் சொன்னாங்க. அது நமக்கெல்லாம் தெரிஞ்ச விஷயம்தானே, அதனால் துணிஞ்சு வந்துட்டேன்.

நம்ம தமிழில் குடும்பத்துக்குப் பெரிய இடம் கொடுத்திருக்காங்க. திருக்குறளை எடுத்துக்கோங்க. இல்லறத்துக்கு மட்டும் 20 அதிகாரம். துறவறம் அதுக்கு அப்புறம்தான் வருது. மனைவிக்கு இல்லாள் என்று பேர், வீட்டுக்கு உரியவள். அதையே ஆணுக்கு இல்லான் என்று சொன்னால், ஒன்றும் இல்லாதவன் என்று அர்த்தம் ஆயிடும்! பேரில் வீடு நம்மளோடது. ஆனா பட்டாவில் யார் பேர் இருக்கு? இதைத்தான் இன்னைக்குப் பேசலாம்னு வந்தேன்.

பொண்ணு பிறந்தா காது குத்துக்குத் தாய்மாமன் மடி வேணும். வயசுக்கு வந்தா தாய்மாமன் சீர் வேணும். கல்யாணத்துக்கு, பொங்கலுக்கு எல்லாம் அம்மா வீட்டுச் சீர் வரும். அதெல்லாம் நல்ல வழக்கம், நான் குறை சொல்லலை. ஆனா "அதான் சீர் செஞ்சாச்சே, அப்புறம் சொத்துல என்ன பங்கு?" என்று ஒரு பேச்சு வருது பாருங்க, அங்கதான் நாம வாயடைச்சுப் போறோம். சீர் என்பது அன்பு. பங்கு என்பது உரிமை. ஒண்ணு கொடுத்தா இன்னொண்ணு தீர்ந்து போகாது.

இந்த உரிமை லேசில் வரலை. 1929-ல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில், பெண்களுக்கும் ஆண்களைப் போலச் சொத்துரிமை வேணும்னு தீர்மானம் போட்டாங்க. அது நம்ம தமிழ்நாட்டில் சட்டமாக 60 வருஷம் ஆச்சு. 1989-ல் கலைஞர் ஆட்சியில் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலப் பங்கு என்று கொண்டு வந்தாங்க. ஆனா அதுக்கு முன்னாடியே கல்யாணம் ஆன பெண்களுக்கு அது கிடைக்கலை. 2005-ல் நாடு முழுக்கச் சட்டம் வந்தப்போதான் கல்யாணம் ஆனவங்க, ஆகாதவங்க என்ற பேதம் போச்சு. 2020-ல் உச்ச நீதிமன்றம் இன்னும் தெளிவாச் சொல்லிடுச்சு: மகளுக்கு அந்த உரிமை பிறப்பிலேயே வருது, 2005-ல் அப்பா உயிரோடு இருந்திருக்கணும்னு அவசியம் இல்லை. ஆனா 2004 டிசம்பர் 20-க்கு முன்னாடியே பாகம் பிரிச்சுப் பதிவு செஞ்சிருந்தா, அதைத் திரும்பக் கேட்க முடியாது.

அப்பா தன் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கின சொத்து வேற கணக்கு. அவர் விரும்பினவங்களுக்கு உயில் எழுதலாம். உயில் எழுதாம இறந்துட்டா மனைவி, மகன், மகள் எல்லாருக்கும் சம பங்கு. அவரோட அம்மா இருந்தா அவங்களுக்கும் உண்டு. இது இந்துக்களுக்கான சட்டம். நம்ம கிறிஸ்தவ, முஸ்லிம் சகோதரிகளுக்குச் சட்டம் வேற, ஆனா அவங்களுக்கும் பங்கு உண்டு.

என் கதையையே சொல்றேன். எங்க அப்பா உயில் எழுதாம இறந்துட்டார். அவர் வாங்கின நிலம் 90 சென்ட். அம்மா, அண்ணன், நான், மூணு பேர். ஒரு நாள் பத்திரம் எழுதுற இடத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்க. அங்க ஒருத்தர், "இங்க ஒரு கையெழுத்து போடும்மா, படிக்கவெல்லாம் வேண்டாம்" என்றார். நான் படிச்சேன். விடுதலைப் பத்திரம். அம்மா பங்கும் என் பங்கும் அண்ணன் பேருக்குப் போகுது. அம்மாவுக்குக் கைநாட்டுதான், அவங்களுக்கு விஷயமே தெரியலை. குழுவில் தீர்மானப் புத்தகத்தைப் படிச்சுப் பார்த்துத்தானே கையெழுத்துப் போடுறோம்? அந்தப் பழக்கம்தான் அன்னைக்குக் கை கொடுத்தது. "வீட்டில் பேசிட்டு வர்றோம்"னு அம்மாவைக் கூட்டிட்டு வந்துட்டேன்.

ஆறு மாசம் அண்ணன் பேசலை. பொங்கலுக்குச் சீர் வரலை. மனசு கஷ்டமாத்தான் இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். அப்புறம் பெரியவங்களை வெச்சுப் பேசினோம். மூணு பேர் பேரிலும் கூட்டுப் பட்டா ஆச்சு. உழுறது அண்ணன்தான். என் பங்குக்கு வருஷம் ரெண்டு மூட்டை நெல் கொடுக்கிறார். அண்ணி இன்னும் சரியா முகம் கொடுத்துப் பேசுறதில்லை. ஆனா எங்க அம்மாவை யாரும் பாரமா நினைக்கலை. அவங்க பேரிலும் நிலம் இருக்குல்ல!

பங்கு கேட்டா குடும்பம் உடைஞ்சிடும்னு சொல்றாங்க. ஒருத்தர் வாயை அடைச்சு வெச்சுத்தான் ஒரு குடும்பம் நிக்கணும்னா, அது எப்படிங்க பலமான குடும்பம்? விரும்பி விட்டுக் கொடுக்கிறவங்க தாராளமாக் கொடுங்க. ஆனா என்ன கொடுக்கிறோம்னு தெரிஞ்சு கொடுங்க.

தர்மபுரியில் முதல் முதலா மகளிர் குழுக்கள் ஆரம்பிச்சதும் அதே 1989-லதான். சட்டம் ஒரு பக்கம், குழு ஒரு பக்கம்னு ரெண்டும் நமக்கு ஒரே வருஷத்தில் வந்திருக்கு. 2023-ல் குடும்பத் தலைவி என்று சொல்லி மாசம் 1000 ரூபாய் உரிமைத் தொகையும் கொடுக்க ஆரம்பிச்சாங்க. தலைவின்னு பேர் இருந்தா போதாது, தலைவிக்கு ஒரு பிடி மண்ணும் இருக்கணும்.

அதனால் ஒவ்வொரு குழுவும் அடுத்த மாதக் கூட்டத்தில் மூணு காரியம் செய்யணும்னு கேட்டுக்கிறேன். ஒண்ணு, அவங்கவங்க வீட்டுப் பட்டா யார் பேரில் இருக்குன்னு பார்த்துட்டு வாங்க. ரெண்டு, எந்தப் பத்திரமா இருந்தாலும் ஒருத்தர் சத்தமாப் படிச்சுக் காட்டின பிறகு கையெழுத்துப் போடுங்க. மூணு, சந்தேகம் இருந்தா மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கிற சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்க. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் அங்க இலவசம். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம்.

இன்னொண்ணு. நமக்கும் மகன் இருக்கான், மகள் இருக்கா. நாளைக்கு நம்ம மகள் பங்கு கேட்டு நிக்கிற நிலைமை வரக்கூடாது. நாமளே ரெண்டு பேருக்கும் சமமா எழுதி வெச்சிடணும். அண்ணன் தங்கச்சி உறவும் அப்போதான் காலத்துக்கும் நிலைச்சு நிக்கும்.