தர்மம் செய்யும் கையும் பிறப்புக் கேட்கும் வாயும்



"பெண்கள் கூடித் தர்மம் செய்கிற சங்கங்களைக்கூடவா நீங்கள் குறை சொல்ல வேண்டும்?" என்று ஒரு தோழர் என்னைக் கேட்டார். தர்மத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் தர்மம் செய்கிறவர்கள் வாசலில் எழுதி வைத்திருப்பது என்ன என்று பார்க்க வேண்டாமா?

அமெரிக்காவில் "அமெரிக்கப் புரட்சியின் புதல்விகள்" என்று ஒரு மாதர் சங்கம் உண்டு. அது பிறந்த கதையே வேடிக்கையானது. சுதந்திர யுத்தத்தில் ஈடுபட்டவர்களின் வம்சத்து ஆண்கள் 1889-ல் ஒரு சங்கம் கண்டார்கள். பெண்களுக்கு அதில் இடமில்லை என்று மறு வருஷமே தீர்மானித்துவிட்டார்கள். யுத்தத்தில் பெண்கள் பட்ட பாடு பாடல்லவா என்று மேரி லாக்வுட் என்ற அம்மையார் பத்திரிகையில் எழுதினார். 1890 அக்டோபர் 11-ந் தேதி வாஷிங்டனில் பெண்களே தனிச் சங்கம் கண்டார்கள். ஜனாதிபதி ஹாரிசனின் மனைவி முதல் தலைவர். இதுவரை நமக்குச் சந்தோஷமே.

வேலையும் செய்தார்கள். 1898-ல் ஸ்பெயினோடு யுத்தம் வந்தபோது, அனிதா மக்கீ என்ற பெண் டாக்டரின் மேற்பார்வையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட நர்சுகளைப் பொறுக்கி எடுத்து ராணுவத்துக்கு அனுப்பினார்கள். முதல் உலக யுத்தத்தில் பாழான டில்லலாய் என்ற பிரெஞ்சு கிராமத்தைத் திரும்பக் கட்டப் பணம் கொடுத்தார்கள். மலைநாட்டு ஏழைப் பிள்ளைகளுக்குத் தெற்கு காரொலினாவிலும் அலபாமாவிலும் பள்ளிக்கூடம் வைத்தார்கள். குடியேற வந்தவர்களுக்குப் பல பாஷைகளில் புத்தகம் அச்சடித்துக் கொடுத்தார்கள். எந்தக் கோவில் உண்டியல் இவ்வளவு செய்தது?

ஆனால், சங்கத்தில் சேர யோக்கியதை என்ன? படிப்பா, தொண்டா? இல்லை. பாட்டனுக்குப் பாட்டன் புரட்சிக்கு உதவினான் என்று இரத்த வழியைக் காட்ட வேண்டும். பிறப்புக் கேட்கும் வாய் அடுத்தபடி நிறத்தையும் கேட்கத்தானே செய்யும்? வாஷிங்டனில் இவர்கள் கட்டிய பெரிய மண்டபத்தில் வெள்ளைக்காரர்தான் பாடலாம் என்று வாடகைப் பத்திரத்திலேயே நிபந்தனை வைத்தார்கள். 1939-ல் மேரியன் ஆண்டர்சன் என்ற கருப்புப் பாடகிக்காக, கருப்பு மக்கள் படிக்கும் ஹோவார்டு சர்வகலாசாலையார் மண்டபத்தைக் கேட்டார்கள். ஐரோப்பா முழுதும் கொண்டாடிய குரல். ஐஸும் நிலக்கரியும் விற்றவரின் மகள். மண்டபம் இல்லை என்றார்கள். ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் மனைவி எலியனோர் அந்தச் சங்கத்து மெம்பர். அவர் ராஜினாமாக் கடிதத்தை அனுப்பிவிட்டார். ஏப்ரல் 9-ந் தேதி லிங்கன் ஞாபக மண்டபப் படியில் நின்று அந்த அம்மையார் பாடினார். 75,000 பேர் வெட்டவெளியில் நின்று கேட்டார்கள். அன்று ஈஸ்டர் பண்டிகை. உயிர்த்தெழுந்தவர் பெயரால் எத்தனை பிரசங்கம் நடந்ததோ, ஜனங்கள் கேட்டது அந்தப் பாட்டைத்தான். 1943-ல் யுத்த நிவாரணத்துக்கு வசூல் செய்ய அதே மண்டபத்தில் அதே அம்மையாரைப் பாடச் சொன்னார்கள். அவரும் பாடினார். அவருடைய பெருந்தன்மையைச் சங்கத்தின் கணக்கில் வரவு வைக்காதீர்கள்.

தோழர்களே! அந்தப் புரட்சியில் கருப்பு மக்களும் சண்டை போட்டார்கள். 1770-ல் பாஸ்டனில் சிப்பாய்கள் சுட்டபோது செத்தவர்களில் கிரிஸ்பஸ் அட்டக்ஸ் ஒருவர். ஆப்பிரிக்க இரத்தம் உள்ளவர். அப்படியிருந்தும் முதல் கருப்புப் பெண் என்று பகிரங்கமாக ஒருவரைச் சேர்த்துக்கொண்டது 1977-ல்தான். அதுவும் வெள்ளைக்கார மூதாதை ஒருவர் வழியாக! இன்னொரு பெண்மணிக்குச் சான்றெல்லாம் இருந்தும் வாஷிங்டன் கிளைகள் கதவைத் திறக்கவில்லை. அவர் விடாமல் போராடிய பிறகுதான், 1984-ல், நிறம் தடையல்ல என்று விதியிலேயே எழுதினார்கள். கருப்பு வீரர்களைத் தேடிப் பட்டியல் போடவும் ஒப்புக்கொண்டார்கள். 2008-ல் வந்த பட்டியலில் கருப்பரும் பூர்வ குடிகளுமாக ஆறாயிரத்துக்கு மேற்பட்ட பெயர்கள் இருந்தன. அத்தனை பெயரும் பழைய தஸ்தாவேஜுகளிலேயே கிடந்தவைதான். தேட மனம் வர இத்தனை காலம்!

நிறம் போயிற்று, இரத்தம் போகவில்லை. எடுத்து வளர்த்த பெண் தன்னை வளர்த்த தாயின் வம்ச வழியைக் காட்டி இன்றைக்கும் அந்தச் சங்கத்தில் சேர முடியாது.