தற்காலிக வீடும் நிலையான கடமையும்



தம் குற்றமின்றி வீடிழந்த, பிள்ளைகளையுடைய குடும்பங்களுக்கு உறைவிடம் அளிப்பதை உள்ளூராட்சி மன்றங்களின் கடமையாக்கிற்று இங்கிலாந்தின் 1977ஆம் ஆண்டுச் சட்டம். அத்தகைய குடும்பத்தைத் தனியார் விடுதியில் ஆறு வாரங்களுக்கு மேல் வைத்திருத்தலாகாது என்றது 2003ஆம் ஆண்டுக் கட்டளை. விடுதிக்குக் கொட்டும் வரிப்பணத்தால் மன்றத்துக்கு ஒரு செங்கல்லேனும் மிஞ்சுவதில்லை.

இலண்டனில் லூயிசம் மன்றம் வேறு வழி கண்டது. பழைய கட்டடம் இடிக்கப்பட்ட நிலமொன்றில், தொழிற்சாலையிற் செய்த பகுதிகளைப் பொருத்தி 2016இல் 24 வீடுகளை எழுப்பிற்று. நிலம் பிறிதொரு தேவைக்கு வேண்டப்படின், அவ்வீடுகளைக் கழற்றி வேறிடத்தில் நாட்டலாம் என்பதே அன்றைய திட்டமாயிருந்தது. செலவு சொத்தாக மாறும் வழி இது.

ஆயினும், கழற்றத்தக்க வீடென்பதற்காக மழை ஒழுகலாமா? குளிர் புகலாமா? தற்காலிகமாய் இருக்கவேண்டியது அக்குடும்பத்தின் இடரேயன்றி வீட்டின் தரமன்று!