சாமிக்கு விட்ட காடு

நாமக்கல் மாவட்டத்துக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலைக்கு வந்திருக்கிறோம். சோளக்காட்டைத் தாண்டினால் வழியெங்கும் சில்வர் ஓக் மரங்கள், அவற்றில் மிளகுக்கொடி, அடியில் காபிச் செடி. சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம். இந்தத் தோட்டங்களுக்கு இடையே அங்கங்கே இருண்டு அடர்ந்த தோப்புகள் நிற்கின்றன. கோயில்காடுகள். பெரியசாமிக்கும் கருப்புக்கும் அம்மனுக்கும் மலையாளிப் பழங்குடி மக்கள் விட்டுவைத்தவை. சாமி காட்டில் பச்சை மரத்தை வெட்டத் துணிய மாட்டார்கள்.

ஜப்பானிலும் ஷிண்டோ கோயில்களைச் சுற்றி இப்படிக் காடுகள் உண்டு. மலைகளில் சுகி மரமும் சைப்ரஸும் வரிசை வரிசையாக நடப்பட்டுவிட்ட நாட்டில், மண்ணுக்குரிய பழைய மரங்கள் அந்தக் கோயில் வளாகங்களில்தான் பிழைத்திருந்தன. அதைக் கண்டுகொண்டவர் தாவரவியல் அறிஞர் அகிரா மியாவாக்கி (1928–2021). அந்தந்த மண்ணின் மரங்களைத் தேடிப் பிடித்து, உயர்ந்ததும் குட்டையும் புதருமாகக் கலந்து நெருக்கமாக நட்டு, இரண்டு மூன்று ஆண்டுகள் பேணிவிட்டால் பிறகு காடு தானே வளரும் என்று காட்டினார்.

2020இல் சென்னை மாநகராட்சி கோட்டூர்புரத்தில் அந்த முறையில் ஒரு குறுங்காட்டை வளர்த்தது. பிறகு பல ஊர்களில் மியாவாக்கி காடுகள் வந்தன. ஜப்பானிலிருந்து ஒரு கன்றும் வரவேண்டியிருக்கவில்லை. முறை மட்டும் வந்தது. நம்மவர்கள் வேம்பும் புங்கனும் நாவலும் நட்டார்கள். ஆனால் ஓர் ஊரின் பட்டியலை அப்படியே இன்னோர் ஊரில் நடும் வழக்கமும் பரவிவருகிறது. எனக்கு அது வருத்தம் தருகிறது. சமவெளிக்கு ஏற்ற கன்றுகளை இங்கே ஆயிரம் மீட்டர் உயரத்துக்குக் கொண்டுவந்தால் மியாவாக்கியின் அடிப்படையே போய்விடும்.

அவர் ஜப்பானியக் காடுகளில் பெரிதும் போற்றியது தாபு மரம். அது இலவங்கப்பட்டைக் குடும்பத்தைச் சேர்ந்தது. கொல்லிமலையின் பசுமைமாறாக் காடுகளிலும் அதே குடும்பத்து மரங்கள் உண்டு! எந்த மரம் எந்தச் சரிவில் நிற்கும், எப்போது காய்க்கும் என்பதை இங்குள்ள பெரியவர்கள் அறிவார்கள். காபியும் மரவள்ளியும் நெருக்க, கோயில்காடுகள் சில சுருங்கிவிட்டன. மிஞ்சியவற்றில் உதிரும் விதைகளைச் சாமியிடம் உத்தரவு கேட்டுப் பொறுக்கி, மலையிலேயே நாற்றங்கால் போட்டு, தரிசாகிப்போன சரிவுகளில் நடலாம். கன்றுகளைக் கீழேயிருந்து லாரியில் ஏற்றிவரத் தேவையே இல்லை.